எழுத்தின் அளவு

இங்கேதான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போதுகூட இங்கேதான் இருந்தது, நானே அதைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கீழே இடது மூலையில் ஒரு அமுக்கு, நீலமாக ஒரு பெட்டி திறக்கும், அதில் இரண்டாவது வரிசைக் கடைசியில் பச்சைக் குமிழ் ஒன்று, அதை அமுக்கினால் வலது ஓரத்தில் ஒரு கம்பி வரும், கம்பியைப் பிடித்துப் பாதிவரை இழுத்தால் கணினித் திரையில் இருக்கும் எழுத்தெல்லாம் பெருத்துவிடும். எதையும் படிக்க வேண்டியதில்லை. நிறத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு போனால் போதும், சமையலறையில் விளக்குப் போடாமலே உப்பு டப்பாவை எடுக்கிறோமே அப்படி. இப்போது மூலையில் அமுக்கினால் ஒன்றும் திறக்கவில்லை. மூலை காலியாகக் கிடக்கிறது. அங்கே இருந்ததெல்லாம் நடுவுக்குப் போய்விட்டது. போயும் போயும் நடுவுக்கா போக வேண்டும்? எனக்கு ஓரம்தானே தெரிகிறது, நடு எங்கே தெரிகிறது? யாரையாவது நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் பட்ட சுவர் மாதிரி ஒரு கறை, சுற்றிலும் காதும் கம்மலும் தோளும் மட்டும் இருக்கின்றன. கம்மலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன். எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, அதற்குப் பக்கத்தில் எதையோ பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது ஓரத்தில் வந்து நிற்கும். அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால்தான். கோயமுத்தூரில் அந்தக் கண் டாக்டரம்மா சொன்னார், பெரிய எழுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிடுங்கள் என்று. முதலில் சொன்னதைச் செய்தேன். இரண்டாவதை இன்றுவரை செய்யவில்லை.

எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். ஈரோட்டில் இந்த ஸ்கேன் சென்டர் திறந்ததும் முதலில் உள்ளே வருவது கூட்டுகிற அம்மா, அடுத்தது நான். காலையில் இந்தக் கணினி என்னுடையது, மாலை ஷிப்டில் என்னைப் போல ரிப்போர்ட் அடிக்கிற மலர்க்கொடியுடையது. காலையில் வந்து எழுத்தைப் பெரிதாக்குவேன், யாராவது பின்னால் வருகிற சத்தம் கேட்டால் வேறு எதையாவது திறந்து மறைப்பேன், சாயங்காலம் மலர் வருவதற்குள் பழையபடி சின்னதாக்கிவிட்டுக் கிளம்புவேன். ஒருநாள் மறந்து போய்விட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் சின்னதாகத்தான் இருந்தது. மலர் ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பெண், கவனித்திருக்க மாட்டாள், தானாக மாறியது என்று நினைத்திருப்பாள் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டேன். இதெல்லாம் எதற்கு, சொல்லித் தொலைத்தால் என்ன என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. சொன்னால் திட்ட மாட்டார்கள், அதுதான் பயம். பெரிய டாக்டர் மரியாதையாகச் சொல்வார், தெய்வானைம்மா நீங்க ஓய்வெடுங்க, என்று. பழமும் சால்வையும் தருவார்கள். அப்புறம் வீடு. மகன் ஓசூரில் இருக்கிறான், இவர் போய்ச் சேர்ந்தாயிற்று, வீட்டில் நானும் டிவியும்தான். டிவியிலும் முகம் தெரியாது. இங்கே வந்தால்தான் என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடுகிறார்கள்.

"அய்யய்யோ, இது என்னுங்க்கா கூத்து?" ஷாஹிதா. பில் போடுகிற பெண், பக்கத்து மேசை, பெரிய ஜிமிக்கி. "எல்லாம் எங்க போச்சு? என் பிரிண்டர எங்க கொண்டுபோய் வெச்சிருக்கானுங்க?" எனக்கு உயிர் வந்தது. என் கணினிக்கு மட்டும் வந்த கேடு இல்லை, எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாறிக்கொண்டுவிட்டதாம், இனிமேல் இப்படித்தானாம். உள்ளே ஸ்கேன் ரூமிலிருந்து தங்கவேல் கத்திக்கொண்டே வந்தான். "சத்தத்தக் கொறைக்கறதுக்கு நாலு கதவு தொறந்து போகோணும்போல. நல்லா இருந்தத எதுக்குடா நோண்டறீங்க?" அவன் போனில் படித்தும் காட்டினான். "ஊரே திட்டுதுங்க்கா. ஒருத்தன் எழுதீருக்கான், எங்கப்பனுக்குப் பழசக் கத்துக் குடுக்கவே மூணு வருசம் ஆச்சு, இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும், எனக்குத் தெம்பு இல்லைன்னு. இன்னொருத்தன், அழகா இருக்குது, பழகிக்கோங்கங்கறான்." "அவன் வாயில மண்ணப் போட," என்றாள் ஷாஹிதா. "எழுத்துப் பாருங்க, வெள்ளைல சாம்பல் கலர்ல. ஒண்ணுமே காங்கலீங்க்கா." நானும் உரக்கச் சொன்னேன், "எனக்கும் ஒண்ணும் காங்கல கண்ணு." எத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்த பேச்சு, தெரியவில்லை என்று எல்லோர் நடுவிலும் சொன்னேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சுகமாக இருந்தது. தடவித் தடவி எல்லோரும் தேடுகிறார்கள், எல்லோரும் எதையாவது தவறாக அமுக்கிவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள், இன்று ஒருநாள் இந்த ஆபீஸே என் மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. "அட, இங்க இருக்குது பாருங்க!" ஷாஹிதாவுக்குப் பிரிண்டர் கிடைத்துவிட்டது. தங்கவேலுக்குச் சத்தம் கிடைத்துவிட்டது. அவர்கள் திட்டிக்கொண்டேதான் படித்தார்கள், படிக்க முடிந்ததால் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவராகக் கரையேறிப் போய்விட்டார்கள். நான் மட்டும் தண்ணீருக்குள் நிற்கிறேன், வெளியே சொல்லவும் முடியாது.

கணினி பார்க்கிற ரூபன் மத்தியானத்துக்கு மேல்தான் வருவானாம். அதுவரை எப்படி? நானே பார்த்துவிடலாம். வரிசையாக ஏதேதோ பெயர்கள், ஒன்றுக்கும் கோடு இல்லை, பெட்டி இல்லை, நிறம் இல்லை, வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதின மாதிரி இருக்கிறது. பழையதில் பச்சைக் குமிழ் இருந்ததே, அதை எடுத்து எறிந்தவன் என்ன நினைத்திருப்பான்? இதை யார் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றா யோசித்திருப்பான்? அவனுக்கு நல்ல கண். நல்ல கண் உள்ளவர்களுக்கு எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். தலையைச் சாய்த்து, திரையின் விளிம்பைப் பார்த்து, நடுவை ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை அமுக்கினேன். வேறொரு பக்கம் வந்தது. இன்னொன்றை அமுக்கினேன். சட்டென்று திரை மொத்தமும் கறுத்துவிட்டது. போச்சு, எதையோ கெடுத்துவிட்டேன், டாக்டர் எடுத்த படங்கள், ரிப்போர்ட்டுகள், எல்லாம் போயிருக்குமா? இல்லை, கறுப்புக்குள் வெள்ளையாக ஏதோ ஊர்கிறது, எழுத்துத்தான், முன்பைவிடச் சின்னதாக இருக்கிறதா, அதே அளவா, தெரியவில்லை. "அக்கா, உங்களுது ஏனுங் கறுப்பா இருக்குது?" "கண்ணுக்கு நல்லதாம்," என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய். ஷாஹிதா, அப்படீங்களா, என்று தன்னுடையதையும் கறுப்பாக்கிக்கொண்டாள். சிரிப்பு வர வேண்டிய இடம், எனக்கு வியர்த்தது.

அப்பாவுக்கும் இதே கண்தான். அப்பா கடைசியாக வெளியே போனது என் சித்தி மகள் கல்யாணத்துக்கு. மண்டப வாசலில் மாப்பிள்ளையை ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள், கோட்டு சூட்டோடு கும்பிட்டபடி. அப்பா நேராக அதனிடம் போய், "வாங்க மாப்ள, எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார். மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக, வேண்டுமென்றே செய்த மாதிரி. அதற்குப் பிறகு அவர் வீட்டுப் படி இறங்கவே இல்லை. வருகிறவர்கள் அவர் முன்னாலேயே, "சாப்புட்டாருங்களா, தூங்குனாருங்களா," என்று அம்மாவிடம் கேட்பார்கள், கண்ணோடு சேர்ந்து காதும் போய்விட்ட மாதிரி. நான் போன மாதம் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் ஒருவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன். அது ஆளாகத்தான் இருந்திருக்கும். பதில் வரவில்லை, அவ்வளவுதான், காது கேட்காதவராக இருக்கலாம், கோபக்காரராக இருக்கலாம். ஆளாகத்தான் இருந்திருக்கும்.

வேலையை எடு தெய்வானை, வேலையை எடு. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் டாக்டர் குரல். அவர் படத்தைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார், நான் கேட்டு அடிக்க வேண்டும். விரலுக்குக் கண் வேண்டாம், விரல் இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம், தானே ஓடும். இன்று முதல் பதிவு, சிறுநீரகத்தில் கட்டி, எடுக்க வேண்டியது. லெப்ட் கிட்னி. தெளிவாகச் சொல்கிறார். லெப்ட். புதிதாக ஒரு ரிப்போர்ட்டை முழுசாக யாரும் அடிப்பதில்லை, இங்கே வழக்கமே அதுதான், நேற்றைய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேரையும் வயசையும் இடமா வலமா என்பதையும் அளவையும் அதன்மேலேயே மாற்றி அடிப்போம். நேற்றையது வலது பக்கம். ரைட் கிட்னி, கல். அதைத்தான் திறந்தேன். அம்புக்குறிச் சாவியை எண்ணி இறங்கி, பழையதை அழித்து, புதியதை அடித்து, கீழே, இன்னும் கீழே. அடித்து முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் கேள்வி வந்தது. எல்லா இடத்திலும் மாற்றினேனா? பக்கம் ஒரே இடத்திலா வருகிறது, மேலே வரும், நடுவில் வரும், முடிவில் வரும். வழக்கமாகப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு வார்த்தையாக ஓரக்கண்ணால் பார்த்துவிடுவேன். அதனால்தான் இன்றுவரை என் ரிப்போர்ட்டில் ஒரு பிழை வந்தது என்று யாரும் சொன்னதில்லை, அந்த ஒரு நினைப்பில்தான் நான் தினமும் இந்த நாற்காலியில் உட்காருகிறேன். விரலைக் கேட்டுப் பார்த்தேன். ரைட் என்று அடிக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி நடக்கும், இடது வலது இடது வலது இடது. லெப்ட்டுக்கு வலது மோதிர விரல் ஒரு தட்டு, மற்றதெல்லாம் இடது கை. அந்த மோதிர விரல் இன்று எத்தனை முறை தட்டியது? முதலில் தட்டியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் தட்டியதும் ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. முடிவில்? அப்போது பச்சைக் குமிழை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் சொல்ல மாட்டேன் என்கிறது. வெட்டுகிறவர் படத்தையும் பார்ப்பார், என் எழுத்தை மட்டும் நம்பியா கத்தியை எடுப்பார்? பார்ப்பார். பார்ப்பார் என்றால் ரிப்போர்ட் எதற்கு?

"ஏனுங்க்கா, ரிப்போர்ட்டு ஆச்சுங்களா?" கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். முகம் கறை, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் ஓரத்தில் தெரிகிறது. "கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போறமுங்க, அங்க டாக்டர் உச்சிப் பொழுதுக்குள்ள வரச் சொல்லீட்டாருங்க. எங்க ஊட்டுக்காரரு வண்டியிலேயே படுத்திருக்கறாருங்." இருங்கம்மா, இதோ, என்றேன். போன் அடித்தது. பெரிய டாக்டர். "தெய்வானைம்மா, அந்தக் கிட்னி கேஸ் அவசரம். பிரிண்ட் எடுத்து உள்ள குடுத்து விடுங்க, நான் ஒருத்தருக்கு ஊசி விட்டுச் சதை எடுத்துட்டு இருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டுடறேன். எப்பவும் மலர் சாயங்காலம் உங்களுது எல்லாத்தையும் ஒரு தடவ படிச்சுத் திருத்தி வெச்சுடுவா, இன்னைக்கு அவளுக்குக் காத்திருக்க முடியாது. நீங்களே ஒரு தடவ நல்லாப் பாத்துருங்க." சரிங்க டாக்டர், என்று என் வாய் சொன்னது. போனை வைத்தேன்.

எப்பவும். எப்பவும் என்றால் எப்போதிலிருந்து? திருத்தி வெச்சுடுவா என்றால் திருத்த இருந்திருக்கிறது. எவ்வளவு? என்னென்ன? டாக்டர் அதை வெயில் அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னார், எனக்கும் தெரிந்த விஷயம் என்றே நினைத்திருக்கிறார். நான் மறந்து போன அந்த ஒருநாள் எழுத்தைச் சின்னதாக்கியது யார்? தானாகவா ஆகும்? மலர் வந்து பார்த்திருக்கிறாள், புரிந்துகொண்டிருக்கிறாள், மாற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து என் ரிப்போர்ட்டுகளைப் படித்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பயந்து பயந்து மறைத்ததெல்லாம் பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. அது போகட்டும், மானம் போனால் போகட்டும். ஒரு பிழைகூட வந்ததில்லை என்று இருந்தேனே. அந்த ஓரக்கண் போதும் என்று இருந்தேனே. பெரிய எழுத்து வைத்தும் பிழை விட்டிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் விட்டிருக்கிறேன், பார்த்தேன் என்று நினைத்ததை நான் பார்க்கவே இல்லை. அட்டை மாப்பிள்ளையிடம் தினமும் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று ஒரு சின்னப் பெண் அவனுக்காகப் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளும் இல்லை. அமுக்கு, பிரிண்ட் எடு, கொடுத்து விடு, மூன்று இடத்திலும் மாற்றியிருப்பாய், விரலுக்குத் தெரியும். விரலுக்கு என்ன தெரியும்? வண்டியில் படுத்திருக்கிறவனுக்கு நல்லதாக ஒரு கிட்னி இருக்கும், கெட்டதாக ஒன்று இருக்கும். ரூபன் வரட்டும் என்று சொல்லலாமா? கணினி கெட்டுப்போச்சு என்று சொல்லலாமா? எல்லோரும் திட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், நம்புவார்கள், இன்றைக்கு எந்தப் பொய்யும் செல்லும். அந்த அம்மாள் கவுன்டரை விரலால் தட்டிக்கொண்டு நிற்கிறாள். அவசரப்படுத்தக்கூட இல்லை. பயத்தில் தட்டுகிறாள், எனக்குத் தெரிகிறது, நானும் மேசைக்கடியில் அதே மாதிரி முழங்காலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஷாஹிதா, இங்க வா கண்ணு. இத எனக்குச் சத்தமாப் படி." "என்னுங்க்கா, நீங்க அடிச்சது தானுங்களே?" "படி." ஜிமிக்கி பக்கத்தில் வந்து ஆடியது. படித்தாள். பேர், வயசு. லெப்ட் கிட்னி. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால்தான் காது முழுசாக வேலை செய்கிறது. அளவுகள். லெப்ட் என்று நடுவிலும் வந்தது. மூச்சு விட்டேன். தேவையில்லாமல் பயந்தாய் தெய்வானை, பார்த்தாயா, விரல் உன்னைக் கைவிடவில்லை, இவளிடம் என்ன சொல்லிச் சமாளிக்கலாம், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். "இம்ப்ரெஷன்," என்று படித்தாள் ஷாஹிதா, அதுதான் முடிவு, எல்லா டாக்டரும் முதலில் பார்க்கிற இடம். "மாஸ் இன் தி ரைட் கிட்னி." "நிறுத்து," என்றேன். "அங்க என்ன போட்டிருக்குது?" "ரைட்டுன்னு, க்கா." "எந்த இடம்? வெரல வையி." அவள் விரல் திரையில் ஒரு கறைக்குள் போய் நின்றது. அவளையே அழிக்கச் சொன்னேன். அவளையே அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள், எல், ஈ, எஃப், டி, நான் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். பிரிண்ட் உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தது, மஞ்சள் கயிறு அதை வாங்கிக்கொண்டு, "வாறனுங்க்கா," என்று ஓடியது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஷாஹிதா போகவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா. காலையில ஒண்ணும் காங்கலைன்னு சொன்னீங்களே." ம், என்றேன். "எங்களையாட்டச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க்கா." அவள் என் கைக்கு அடியிலிருந்து மவுஸை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கறுப்புத் திரையின் சின்ன எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் திறந்து போனாள், இது இல்ல, இது இல்ல, இங்க இருக்குதுங்க்கா, எழுத்து அளவு. "எவ்வளவுங்க்கா?" நான் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன். யாராவது கடந்து போகும்போது கண்ணில் பட்டுவிடும் என்ற பயம், அதற்கு மேல் இழுத்ததே இல்லை. அதற்கு மேல் நிறைய இருக்கிறது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன், அரிசிப் பானையின் அடியைப் பார்க்காமல் வைத்திருப்பது மாதிரி. "இழு," என்றேன். இழுத்தாள். எழுத்துகள் பெருத்தன. "போதுங்களா?" "இன்னும்." தங்கவேல் வந்து பின்னால் நின்றான், அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். "இன்னும் கண்ணு." ஒரு வார்த்தை திரையின் பாதியை அடைத்தது, கவுன்டரில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும் அளவுக்கு. நான் அதன் ஓரத்தைப் பார்த்தேன், மேல் விளிம்பைப் பார்த்தேன், வார்த்தை ஏறக்குறைய வந்தது, நடுவில் ஒரு எழுத்து மட்டும் வரவில்லை. "இன்னும் கொஞ்சம்," என்றேன். ஷாஹிதா மவுஸை இழுக்கிற சத்தம் கேட்டது, இரண்டு மூன்று முறை கேட்டது. எழுத்து அப்படியே நின்றது.

"அவ்வளவுதானுங்க்கா," என்றாள் ஷாஹிதா. "இதுக்கு மேல போறதில்லீங்."